முதன்முறை வாக்காளராகும் பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு: பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

2020 நவம்பர் 8ஆம் தேதி காலை, ரங்கூனில் எங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றேன். கொரோனா காலம். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம், யார் எவர் என்று கண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே வந்தபோது சுண்டுவிரலில் ஊதா மை. அந்த மை காய்வதற்குள் நாடு வேறு திசையில் போய்விடும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

இன்று 18 வயதாகும் பிள்ளைகளுக்கு அப்போது 12 வயது. அவர்களுக்கு விவரம் தெரிந்த பிறகு நடந்த ஒரே பொதுத்தேர்தல், 2025 டிசம்பர் 28, 2026 ஜனவரி 11, ஜனவரி 25 என்று மூன்று கட்டமாக, சண்டைக்கு நடுவே நடந்த தேர்தல்தான். "அக்கா, பெயர் எங்கே பார்ப்பது? போகாவிட்டால் ஏதாவது செய்வார்களா? எனக்கு எத்தனை ஓட்டு?" என்று கேட்டுச் செய்தி அனுப்பியவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதிப் பார்த்தேன். அதையெல்லாம் ஒன்றாக்கி இங்கே தருகிறேன். அடுத்த முறை பட்டியல் ஒட்டப்படும்போது தடுமாற வேண்டாம்.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வகுப்பு முடிந்ததும் பெற்றோர் காகிதக் கட்டோடு வந்து நிற்பார்கள். விண்ணப்பம் எழுதித் தருவேன், பர்மிய எழுத்தைப் படித்துக் காட்டுவேன். அப்போது கற்றதுதான் இதில் பாதி. இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன், அதனால் பொதுவில் எழுத முடிகிறது. உள்ளே இருப்பவர்கள் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம், போனில் சேமித்து வைக்கவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மப்பொன்தின்னை (அடையாள அட்டையை) எடுத்துப் பாருங்கள்

தேர்தல் என்றதும் கட்சி, கொடி, தலைவர் என்றுதான் மனம் போகும். நம் ஆட்களுக்கு அது மூன்றாவது, நான்காவது கவலை. முதல் கவலை அட்டை. அட்டை சரியாக இல்லையென்றால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

அட்டையைக் கையில் எடுங்கள். எண்ணின் தொடக்கத்தில் ஒரு எண், பிறகு சாய்கோடு. அது மாநிலத்தைக் குறிக்கும். 12 என்றால் ரங்கூன், 10 என்றால் மோல்மேன், தட்டோன் உள்ள மொன் மாநிலம், 7 பெகு, 9 மண்டலே, 14 ஐராவதி. அதற்குப் பிறகு டவுன்ஷிப்பின் (வட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுருக்கெழுத்து. அப்புறம் அடைப்புக்குள் ஒரு எழுத்து இருக்கும். அந்த ஓர் எழுத்துதான் உங்கள் கதை முழுவதையும் சொல்லும்.

'நைங்' என்று இருந்தால் முழுக் குடியுரிமை, அட்டை இளஞ்சிவப்பு. 'ஏ' என்று இருந்தால் இணைக் குடியுரிமை, அட்டை நீலம். 'ப்யு' என்று இருந்தால் குடியுரிமை வழங்கப்பட்டவர், அட்டை பச்சை. 'ஏ' என்ற சொல்லுக்குப் பர்மிய மொழியில் விருந்தாளி என்று பொருள். தாத்தா வயலில் உழுது, அப்பா கடை வைத்து, பேரன் பர்மியப் பள்ளியில் படித்து முடித்த பிறகும் அட்டையில் விருந்தாளி என்றே இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அதைப் படித்துக் காட்டும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனத்துத்தான் போனது.

இதற்கெல்லாம் அடிப்படை 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1823க்கு முன்பே இங்கே வேரூன்றிய இனங்களைத்தான் அது பிறப்பிலேயே குடிமக்களாக எடுத்துக்கொள்கிறது. நம் முன்னோரில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு, ஆங்கிலேயர் காலத்தில், கப்பலேறி வந்தவர்கள். அரசு சொல்லும் 135 இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை. ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அதே சட்டப்படி, இணைக் குடியுரிமை அல்லது வழங்கப்பட்ட குடியுரிமை பெற்றவர்களின் மூன்றாம் தலைமுறை முழுக் குடிமக்களாகலாம். உங்கள் அப்பாவுக்கு நீலமோ பச்சையோ இருந்து, உங்களுக்கும் அப்படியே கொடுத்திருந்தால், தாத்தா பாட்டியின் காகிதங்களைத் தேடுங்கள். இரும்புப் பெட்டியின் அடியில், சாமி படத்தின் பின்னால், எங்கே இருந்தாலும் எடுத்து வையுங்கள். தாத்தாவின் பழைய பதிவுச் சீட்டு ஒன்று கிடைத்து, பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்கு அட்டை மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

வாக்களிக்க இந்த மூன்று நிறத்தில் எதுவானாலும் போதும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்குப் போட்டியிடுவது வேறு கதை, அதற்குத் தாய் தந்தை இருவருமே குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். முன்பு வெள்ளை அட்டை என்ற தற்காலிக அடையாள அட்டை ஒன்று இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் 2010 தேர்தலில் வாக்களித்தார்கள். 2015 மார்ச் 31 உடன் அந்த அட்டை செல்லாது என்று அறிவித்தார்கள், அந்த ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் ரொஹிங்கியர்கள். இந்திய, சீன வம்சாவளியினரும் அதில் இருந்தார்கள். ஒரு கையெழுத்தில் வரும் உரிமை இன்னொரு கையெழுத்தில் போகும் என்பதை அந்த ஆண்டு கண்ணால் பார்த்தோம்.

இன்னொன்று, கோயில் குருக்கள்மாருக்கும் அவர்கள் வீட்டாருக்கும். மதத்துறவிகளுக்கு வாக்குரிமை இல்லை என்று அரசியலமைப்பின் 392ஆம் பிரிவு சொல்கிறது. புத்த பிக்குகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தேர்தல் சட்டத்தின் விளக்கத்தில் இந்து சந்நியாசிகளும் பூசகர்களும் வருகிறார்கள். பட்டியலில் குருக்கள் பெயர் இல்லையென்றால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரே ஆளுக்கு மூன்று பெயர்

நம் வீடுகளில் பெரிய தலைவலி இதுதான். வீட்டில் செல்வி. பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர். அட்டையில் அதே பெயர், ஆனால் எழுத்து வேறு. அப்பா பெயர் அவருடைய அட்டையில் ஒரு மாதிரி, மகள் அட்டையில் இன்னொரு மாதிரி. முருகன் என்ற பெயரைப் பர்மிய எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே நின்றுவிடும்.

பர்மாவில் குடும்பப் பெயர் கிடையாது. வாக்காளர் பட்டியலில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அட்டை எண், பிறந்த தேதி, அப்பா பெயர். ஆக, அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சாவடியில் உங்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியும். சண்டை இல்லாத காலத்தில் "சரி, போங்கள்" என்று விட்டுவிடுவார்கள். இப்போது அப்படி விடுவார்கள் என்று நம்பி இருக்கக் கூடாது, வாக்குக்கு மட்டும் இல்லை, சோதனைச்சாவடிக்கும்தான்.

ஒரு வெள்ளைத் தாளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். அட்டையில் உள்ளபடி பெயர், எண், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். அடுத்து வீட்டுப் பட்டியலில் (வீட்டில் இருப்போரின் அரசுப் பதிவு) உள்ளபடி அதையே எழுதுங்கள். இரண்டும் எங்கே மாறுகிறதோ அங்கே கோடு போடுங்கள். பர்மிய எழுத்து சரளமாகத் தெரிந்த பிள்ளைதான் இதைச் செய்ய வேண்டும், பெரியவர்கள் ஞாபகத்தை நம்ப வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். எந்தத் தேர்தல் வந்தாலும், வராவிட்டாலும், இந்தத் தாள் பயன்படும்.

அட்டை தொலைந்திருந்தால் அதைத் தேர்தல் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். யக்வெ (வார்டு) ஆபீசில் சிபாரிசுக் கடிதம், காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான சான்று, பிறகு டவுன்ஷிப் லவக (குடிவரவுத் துறை) ஆபீஸ் என்று மூன்று வாசல் ஏற வேண்டும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம் வீட்டோடு காகிதங்களையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். பழைய நகல், போனில் எடுத்த படம், பள்ளிச் சான்றிதழ் என்று எது இருந்தாலும் கூடவே கொண்டுபோங்கள். கையில் அட்டை எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டியல் யார் கையில் இருக்கிறது

வீட்டுப் பட்டியலை நாம் எயின்டவுன்சு சயின் என்போம். உங்கள் பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் வாக்கு. மோல்மேனில் பிறந்து ரங்கூனில் வேலைக்கு வந்து ஐந்து வருடமானாலும், பெயரை மாற்றாவிட்டால் நீங்கள் மோல்மேன்காரர்தான். ரங்கூனில் உறவினர் வீட்டில் தங்கும்போது ஏ சயின், அதாவது விருந்தாளிப் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும் என்ற விதியை 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். விருந்தாளிப் பட்டியலில் இருப்பது வாக்காளர் பட்டியலில் இருப்பதாகாது. பலர் இங்கே குழம்புகிறார்கள். 2020இல் இடம் மாறியவர்கள் புதிய ஊரில் 90 நாள் தங்கியிருந்தால் அங்கேயே வாக்களிக்க விண்ணப்பம் கொடுக்க முடிந்தது. இந்த நாள் கணக்கு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2020க்கு முன்னால் அது 180 நாள். எனவே பழைய கணக்கை வைத்து முடிவு செய்யாமல், அந்தத் தேர்தலுக்கு அறிவித்ததைப் படியுங்கள்.

வாக்காளர் பட்டியலை யக்வெ ஆபீசிலும் கிராமங்களில் அதுபோன்ற பொது இடத்திலும் ஒட்டுவார்கள். 2020இல் இரண்டு முறை ஒட்டினார்கள். முதல் முறை ஒட்டும்போதே போய்ப் பாருங்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்க ஒரு படிவம், தவறைத் திருத்த ஒன்று, இறந்தவர் பெயரோ ஊரில் இல்லாதவர் பெயரோ இருந்தால் ஆட்சேபம் சொல்ல ஒன்று என்று தனித்தனியாக உண்டு. எந்தப் படிவம் கொடுத்தாலும் ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டவர் தேதியும் கையெழுத்தும் போடும்படி பணிவாகக் கேளுங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் நான் பதினோரு பேருக்குப் படிவம் கொடுத்துவிட்டு நகல் வாங்காமல் வந்துவிட்டேன். இரண்டாம் பட்டியலில் நான்கு பெயர்தான் இருந்தது. மற்ற ஏழு படிவங்கள் வந்ததாகவே அங்கே பதிவு இல்லை. அந்த ஏழு பேரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது இன்னும் மறக்கவில்லை.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். ஒரே பட்டியல் பல வேலைக்குப் பயன்படுகிறது. 2024 பிப்ரவரி 10 அன்று கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் 18 முதல் 35 வரை, பெண்கள் 18 முதல் 27 வரை. யார் யார் அந்த வயதில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்ததும் யக்வெ மட்டத்தில்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் தேடப் போனால் பையன் கண்ணில் பட்டுவிடுவானோ என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஒட்டிய பட்டியலைப் பார்க்க அந்தந்த ஆளே போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அம்மா போகலாம், அத்தை போகலாம். வீட்டில் எழுதிய அந்த ஒற்றைத் தாளோடு போய், பார்த்து, திரும்பிவிடலாம்.

பட்டியல் எவ்வளவு முழுமையானது என்பதையும் மனதில் வையுங்கள். 2024இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு நாட்டில் 5.13 கோடிப் பேர் என்றது. அதில் 1.9 கோடி அளவுக்கு ஆள் ஆளாக எண்ணியது கிடையாது, மதிப்பீடு. 330 டவுன்ஷிப்களில் 145இல்தான் முழுமையாக எண்ண முடிந்தது. மற்ற இடங்களில் சண்டை. 2020இல் வாக்காளர்கள் 3.7 கோடிக்கும் மேல் இருந்தார்கள். 2025-26 தேர்தலில் தகுதியுள்ளோர் சுமார் 2.4 கோடி. உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் உங்கள் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள்.

உங்கள் டவுன்ஷிப்பில் தேர்தல் உண்டா

அமைதியான நாட்டில் இப்படி ஒரு கேள்வியே எழாது. இங்கே இதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

சண்டை நடக்கும் பகுதியில் தேர்தலை ரத்து செய்வது 2021க்குப் பிறகு வந்த வழக்கம் இல்லை. 2015இல் கீழவையின் 330 இடங்களில் 7 இடங்களுக்குத் தேர்தல் நடக்கவில்லை. 2020இல் அது 15 ஆனது. ரக்கைன் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போதே வாக்கை இழந்தார்கள். நாங்கள் ரங்கூனில் மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த அன்று, அவர்களைப் பற்றி எங்கள் தெருவில் பேசியவர் யாரும் இல்லை. நானும் பேசவில்லை. அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2025-26இல் முதல் கட்டத்துக்கு 102, இரண்டாவதுக்கு 100, மூன்றாவதுக்கு 63 என்று டவுன்ஷிப்களை அறிவித்தார்கள். மொத்தம் 265. மீதி 65க்கு எந்தக் கட்டத்திலும் தேர்தல் அறிவிக்கப்படவில்லை. ரக்கைனின் 17 டவுன்ஷிப்களில் 14 அரக்கான் படை எனும் ஆயுத அமைப்பின் கையில் இருந்ததால், அங்கே சித்வே, சவுக்பியூ, மனாவுங் மட்டுமே மிஞ்சின. தேர்தல் நடக்கும் டவுன்ஷிப்பிலும் எல்லாக் கிராமமும் வாக்களிப்பதாக எண்ண வேண்டாம். நகரத்தில் சாவடி இருக்கும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிராமத்தில் இருக்காது.

நம்மவர் அதிகமுள்ள இடங்களில் ரங்கூன், தன்லின், சவுட்டான் பக்கம் ஒரு நிலை. தட்டோன், பிலின் பக்கம் வேறு. அது கரேன் ஆயுத அமைப்பான கேஎன்யூவின் 1ஆவது படைப்பிரிவு இயங்கும் பகுதி. தார்ச்சாலை ஒருவர் கட்டுப்பாட்டில், ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே போகும் பாதை இன்னொருவர் கட்டுப்பாட்டில் என்று இருக்கும். அங்கே உறவினர் இருந்தால், டவுன்ஷிப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அவர்களுடைய கிராமத்துக்குச் சாவடி உண்டா, எங்கே, எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கேளுங்கள். வாக்களிப்பதற்காக ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து இன்னொன்றுக்குள் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

வீட்டை விட்டு வெளியேறி இருப்பவர்கள் நாடு முழுவதும் 35 லட்சம் பேருக்கும் மேல் என்று ஐ.நா. சொல்கிறது. அவர்களுடைய வாக்கு அவர்கள் விட்டுவந்த ஊரில் இருக்கிறது, ஊரில் அவர்கள் இல்லை.

எதற்கு வாக்களிக்கிறோம்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருக்கு மூன்று வாக்கு. ஒன்று பியிது லுத்தோ எனும் கீழவைக்கு. ஒன்று அமியோதா லுத்தோ எனும் மேலவைக்கு. மூன்றாவது உங்கள் மாநில அல்லது பிராந்திய மன்றத்துக்கு. சிலருக்கு நான்காவதாக இன விவகார அமைச்சருக்கான வாக்கு கிடைக்கும். அது அங்கீகரிக்கப்பட்ட இனங்களுக்கு, ஒரு மாநிலத்தில் போதிய எண்ணிக்கையில் வாழ்ந்தால் மட்டும். தமிழருக்குக் கிடையாது. பக்கத்து வீட்டு கரேன் அக்காவுக்கு நாலு வாக்கு, உங்களுக்கு மூன்று என்றால் பிழை எதுவும் நடக்கவில்லை.

கீழவையில் 440 இடம், அதில் 110 இராணுவத்தின் நியமனம். மேலவையில் 224, அதில் 56 நியமனம். கால் பங்குக்கு யாரும் வாக்களிப்பதில்லை. அரசியலமைப்பின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் ஆதரவு தேவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இராணுவம் சம்மதிக்காமல் எதையும் திருத்த முடியாது என்று விளங்கும். 2008 அரசியலமைப்பின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நாட்டின் எந்தத் தேர்தல் செய்தியையும் படிக்க முடியாது. 2020இல் போட்டி நடந்த 476 இடங்களில் 396ஐ ஆங் சான் சூச்சியின் என்எல்டி வென்றது. இராணுவ ஆதரவுக் கட்சியான யூஎஸ்டிபிக்கு 33. அப்படி வென்றும் அந்தக் கால் பங்கை அசைத்திருக்க முடியாது. புதிய மன்றம் கூட வேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்றே, ஒரு கோடிக்கும் மேல் முறைகேடு என்று சொல்லி இராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்தார்கள். தேர்தலைப் பார்த்த உள்நாட்டு, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் முடிவு மக்கள் விருப்பத்தைக் காட்டியது என்றே சொன்னார்கள்.

யார் போட்டியிட முடிகிறது என்பதையும் பாருங்கள். 2023 ஜனவரியில் வந்த கட்சிப் பதிவுச் சட்டம், நாடு முழுவதும் போட்டியிடும் கட்சிகள் 90 நாளில் ஒரு லட்சம் உறுப்பினர் சேர்க்க வேண்டும் என்றது. பதிவு செய்ய மறுத்த என்எல்டி அந்த மார்ச் மாதம் கலைக்கப்பட்டது. கூடவே வேறு பல கட்சிகளும். 2025-26இல் 57 கட்சிகள் போட்டியிட்டன, நாடு முழுவதும் போட்டியிட்டவை 6. யூஎஸ்டிபி பெருவாரியாக வென்றது.

போவதா, வேண்டாமா

இதற்கு நான் பதில் சொல்லமாட்டேன், ஆனால் என் மனதை மறைக்கவும் மாட்டேன். நாங்கள் 2020இல் போட்ட வாக்கைச் செல்லாது என்றவர்கள் நடத்திய தேர்தலை என்னால் அதன் தொடர்ச்சியாக ஏற்க முடியவில்லை. இராணுவத்துக்கு எதிராக அமைந்த தேசிய ஒற்றுமை அரசும் பல ஆயுத அமைப்புகளும் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் அதைப் போலித் தேர்தல் என்றார். அதே சமயம், கடை உரிமத்துக்கும் பிள்ளையின் அட்டைக்கும் யக்வெ ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டியவர் போய் வாக்களித்து வந்தால், அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர் குடும்பம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும்.

எந்த முடிவு எடுத்தாலும் வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் தேர்தலுக்கு இடையூறு செய்வதைத் தடுக்கும் சட்டம் என்று ஒன்று வந்தது. தேர்தலைக் குலைக்கும்படி பேசினாலோ, எழுதினாலோ, துண்டுத்தாள் கொடுத்தாலோ குறைந்தது 3 ஆண்டு, 10 ஆண்டு வரை சிறை. சாவடியைத் தாக்கி உயிர் போனால் மரண தண்டனை வரை. முதல் கட்டம் நடப்பதற்கு முன்பே 200க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 7 ஆண்டு தண்டனை பெற்றவர் ஒருவர் உண்டு. இந்தக் கட்டுரையை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஒரு விருப்பக்குறி போடுவதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள். மறுபுறம், சில இடங்களில் தேர்தல் அலுவலகங்களும் அலுவலர்களும் ஆயுதக் குழுக்களால் தாக்கப்பட்டார்கள். வாக்களித்தேன் என்று படம் போடுவதும் சில ஊர்களில் ஆபத்து.

வீட்டுக்குள் ஒரு வேண்டுகோள். லப்பெயெ (தேநீர்) கடையில், கோயில் பந்தியில், "அவன் போனான், இவள் போகவில்லை" என்ற பேச்சை எடுக்காதீர்கள். நாம் சிறிய சமூகம். ஒரு தெருவில் பேசியது மறுநாள் யார் காதுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 1960களில் கடைகளை அரசுடைமையாக்கி நம்மவர் லட்சக்கணக்கில் கப்பலேறியபோது, இருக்க முடிவெடுத்த குடும்பங்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருந்ததால்தான் இன்று கோயில் திருவிழா நடக்கிறது.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் நன்கொடையோடு வருவார்கள், மண்டபத்தில் பேச இடம் கேட்பார்கள். மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதை அரசியலமைப்பின் 364ஆம் பிரிவே தடுக்கிறது. அதைச் சொல்லி, மரியாதையாக, எல்லோருக்கும் ஒரே பதிலாக மறுத்துவிடலாம். சாமி கும்பிட வந்தால் மாலை போடுங்கள், ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள்.

அன்றைய நாள்

போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு. சாவடி காலை 6 மணி முதல் மாலை 4 மணி வரை. சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்புங்கள். அட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்மார்ட்போன் வீட்டில் இருக்கட்டும். பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவார்கள்.

2020 வரை தாளில் முத்திரை குத்தினோம். 2025-26இல் இயந்திரம். கட்சிச் சின்னத்துக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். தாளாக இருந்தபோது வெறுமையாகவோ செல்லாததாகவோ போட முடிந்தது. இயந்திரத்தில் அதற்கு வழியில்லை, யாரையாவது அழுத்தித்தான் ஆக வேண்டும். இதை உள்ளே போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மேலவைக்கும் மாநில மன்றத்துக்கும் இப்போது ஒரு பங்கு இடங்கள் கட்சிகள் வாங்கும் வாக்கு விகிதத்தின்படி பிரிக்கப்படுகின்றன. அங்கே வேட்பாளரைவிடக் கட்சியைப் பார்த்து அழுத்துங்கள்.

கடைசியில் விரலில் மை. அது சில நாட்களுக்குப் போகாது. மை இருந்தால் ஒரு தரப்பும், இல்லாவிட்டால் இன்னொரு தரப்பும் கேள்வி கேட்கும் பாதைகள் உண்டு. எனவே வாக்களித்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாரம் வெளியூர்ப் பயணம் வேண்டாம். கல்யாணப் பேச்சு, மொட்டை, காதுகுத்து எல்லாம் தள்ளிப்போடலாம்.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

முடிவு வரும்போது சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் கட்டத்தில் சுமார் 52 விழுக்காடு வாக்குப்பதிவு என்று அதிகாரிகள் சொன்னார்கள். அது நாட்டின் பாதி என்று பொருளாகாது. அந்த 102 டவுன்ஷிப்களில், பட்டியலில் பெயர் உள்ளவர்களில் பாதி. 2020இல் எழுபது விழுக்காட்டுக்கும் மேல். எந்தச் செய்தி வந்தாலும், எத்தனை டவுன்ஷிப், எத்தனை பேர் பட்டியலில், அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று இந்த மூன்றையும் தேடுங்கள். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டுச் சொன்னால் செய்தி அரைகுறை. முன்கூட்டி அளிக்கும் வாக்குகள் எத்தனை என்பதையும் பாருங்கள். 2010இல் பல தொகுதிகளில் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த அந்த வாக்குகள்தான் முடிவை மாற்றின என்ற புகார் பெரிதாக எழுந்தது.

2015இலும் 2020இலும் ஒவ்வொரு சாவடியிலும் எண்ணி முடித்ததும், அந்தச் சாவடிக் கணக்கை ஒரு தாளில் எழுதி வாசலிலேயே ஒட்டினார்கள். மேலே அறிவிக்கும் எண்ணைவிட இந்தத் தாள் முக்கியம். ஒட்டியிருந்தால், பாதுகாப்பாக முடிந்தால், எண்களை மனதில் வாங்கி வந்து வீட்டில் எழுதி, தேதி போட்டு, அந்த ஒற்றைத் தாளோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் காகிதம் பூத்துவிடும், இரட்டை உறை போடுங்கள்.

2020 நவம்பர் 8 இரவு எங்கள் சாவடி வாசலில் ஒட்டிய தாளை, தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதி எடுத்து வந்தேன். ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது அம்மாவின் அட்டை நகலோடு அதையும் எடுத்துக்கொண்டேன். எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, எண்களைப் படிக்க முடிகிறது.